உன் மகனின் இடுப்பெலும்பும் உன் மகளின் ரத்தமும்

மகனே,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. இன்று அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். மகன் என்பது மட்டும் பொய்யில்லை. அதை உன்னாலும் மாற்ற முடியாது, என்னாலும் முடியாது. இதை எழுதி முடித்ததும் உன் பெண்டாட்டி தேவி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடப் போகிறாள். வீட்டு விஷயத்தை ஊர் எதற்குப் பார்க்க வேண்டும் என்று நீ கொதிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் எதிரே நின்று கத்தினாயே, அப்போது வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களும் ஊர் இல்லையா? நீ ஊர் முன்னால் சொன்னதற்கு நானும் ஊர் முன்னால்தான் பதில் சொல்வேன்.

நீ சொன்னது இது. "பொண்ணு எப்டியும் இன்னோரு வூட்டுக்குப் போறவ. அதுக்கோசரம் என் புள்ள எலும்ப நோண்ட நா வுடமாட்டேன்." சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பி, காட்டுப்பள்ளியில் உன் தோஸ்து அறையில் போய்ப் படுத்துக்கொண்டாய். போனை அணைத்துவிட்டாய், உன் தோஸ்து போனிலாவது இது உன்னிடம் வந்து சேரும். அந்தப் பெண் அப்போது எங்கே இருந்தாள் என்று நீ திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் ஏற்றி மூன்றாவது வாரம், நிற்கத் தெம்பில்லை. நீ போன பிறகு என்னைப் பார்த்து, "ஆயா, நா எந்த வூட்டுக்குப் போணும்?" என்று கேட்டாள். துறைமுகத்தில் ஆண்களோடு சரிக்குச் சரி வாய் கொடுத்து மீன் ஏலம் எடுத்தவள் நான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குரூப்பில் படிக்கிற பாதிப் பேருக்கு நீ சொன்ன பேச்சுதான் தெரியும், நடந்தது தெரியாது. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். உன் மகள் சஞ்சனா பிறந்து ஏழெட்டு மாதத்தில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனாள். தலசீமியா என்றார்கள். சிவப்பணு உடம்பில் ஒழுங்காக உருவாகாத நோய். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் அவள் நடமாடுகிறாள். முதல் வாரம் ஓடுவாள், இரண்டாம் வாரம் நடப்பாள், மூன்றாம் வாரம் உட்கார்ந்துவிடுவாள். ஏற்றுகிற ரத்தத்தில் உள்ள இரும்பு ஈரலிலும் இதயத்திலும் போய்த் தங்குகிறது, அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் இப்படி முற்றி வரும். தேவி என் தம்பி மகள். உனக்குக் கேட்டுக் கட்டி வைத்தவள் நான். என் ரத்தத்தையும் சோதித்தார்கள், என்னிடமும் அந்தக் குறையில் பாதி இருக்கிறது, என் தம்பியிடமும் இருக்கிறது. அது தெரிந்த அன்றைக்கு, "எல்லாம் உன் பக்கத்து ரத்தம்மா" என்று நீ என்னைக் குத்தினாய். அந்தப் பாதி ரத்தத்தோடுதான் நான் கூடை சுமந்தேன், உன்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தேன், நீ இன்றைக்கு யார்டில் கிரேன் மேல் ஏறி உட்கார்ந்து எல்லோரையும் குனிந்து பார்க்கிறாய். என் ரத்தத்தைப் பற்றி எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

போன மாதம் டாக்டரம்மா நம் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு நல்ல செய்தி சொன்னார். உன் மகன் ருத்ரனுக்கு இந்த நோய் இல்லை, அவன் ரத்தம் அக்காவுக்கு முழுதாகப் பொருந்துகிறது. உன்னுடையது பாதி, தேவியுடையது பாதி, அந்த ஆறு வயதுப் பயலுடையது மட்டும் முழுசு. கூடப் பிறந்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பாம், நம் வீட்டில் அது அமைந்துவிட்டது. அவன் எலும்பு மஜ்ஜையை எடுத்து இவளுக்கு ஏற்றினால், அது இவள் எலும்புக்குள் போய் உட்கார்ந்து நல்ல ரத்தமாகச் சுரக்க ஆரம்பிக்கும். பிடித்துக்கொண்டால் அதற்குப் பிறகு ரத்தம் ஏற்றவே தேவை இருக்காது. தேவி என் கையைப் பிடித்தாள், அந்தப் பிடியில் என் வளையல் நெளிந்தது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். லாட்டரி விழுந்தவன் முகம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நீ ருத்ரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாய். யாரோ திருட வந்தவர்கள் மாதிரி எங்களைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

அதற்குப் பிறகு நீ செய்ததெல்லாம் ஒரே வேலைதான். மகனைத் தொடாமல் மகளைப் பிழைக்க வைக்க ஏதாவது குறுக்குவழி கிடைக்குமா என்று தேடினாய். கிடைக்கிற இடத்தில் கிடைத்தது. யாரோ போனில் அனுப்பிய விளம்பரத்தை நம்பி ஒரு கிளினிக்குக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனாய். சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகளின் படம். கோட்டுப் போட்ட ஒருவன் வந்து உட்கார்ந்து, தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் எங்களிடம் இருக்கிறது, டிரிப் மாதிரி ஏற்றினால் போதும், மூட்டுவலி, பக்கவாதம், சர்க்கரை, உங்கள் பாப்பாவுக்கு இருக்கிற நோய் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எந்த செல்லுப்பா அது? பேரு இன்னா?" அவன் சிரித்தான். "ஸ்டெம் செல்னா ஸ்டெம் செல்தாம்மா." உனக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும். நீ மீன்காரி பெற்ற பிள்ளை. வஞ்சிரம், கவளை, காரப்பொடி என்று பேர் சொல்லாமல் 'மீன், மீன்' என்று மட்டும் ஒருவன் கூவினால் அவன் கூடையில் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? நீ அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாய்.

நான்தான் அதை டாக்டரம்மாவிடம் போட்டு உடைத்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னார். தமிழில் அதற்குக் குருத்தணு என்றும் பேர் இருக்கிறதாம். குருத்து என்றவுடன் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இன்னும் இலையாகவும் தண்டாகவும் பிரியாத இளசு. ஆனால் எல்லாக் குருத்தும் ஒன்றில்லை என்றார். எலும்பு மஜ்ஜையில் இருக்கிற குருத்தணு ரத்தத்தை மட்டும்தான் உண்டாக்கும், சிவப்பணு, வெள்ளணு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு. நமக்கு வேண்டியது அதுதான். கிளினிக்காரன் சொல்கிறது தொப்புள்கொடியின் சதையிலும் வயிற்றுக் கொழுப்பிலும் எடுக்கிற வேறு ஜாதி, அது எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது, அதற்கு ரத்தம் செய்யவே தெரியாது. "தச்சரைக் கூப்ட்டு கொழாய் ரிப்பேர் பண்ணச் சொல்ற மாதிரிம்மா" என்றார். மூட்டுக்குக்கூட அதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்களாம், இந்த நோய்க்கு அதை ஏற்றுகிறவன் ஏமாற்றுகிறான் என்று வெளிப்படையாகவே சொன்னார். நீ அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போனில் என்ன பார்த்தாய் என்று அடுத்த தடவை தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்வேன். ரத்தம் ஏற்றுகிற வார்டில், சுற்றிலும் பிள்ளைகளும் தாய்மார்களும் உட்கார்ந்திருக்க, நீ ருத்ரனின் சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றிலிருந்து வெள்ளித் தாயத்தை அறுத்தாய். டாக்டரம்மா மேசையில் டக்கென்று வைத்தாய். "இதுல கீது டாக்டர் ஸ்டெம் செல்லு. அவன் தொப்புள்கொடி. எங்க பெரிவங்கோ அந்தக் காலத்துலயே கண்டுபுட்ச்சி இடுப்புல கட்டி வச்சிகிறாங்கோ. இத்த எடுத்துக்கோங்க, புள்ளைய வுட்ருங்க." நம் குரூப்பில் சுற்றிய செய்திதான். நீதான் அதை இரண்டு தடவை போட்டாய், மார் தட்டுகிற பொம்மையோடு. பக்கத்துக் கட்டிலில் மகனுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வியாசர்பாடி அம்மா, "ஐய, எங்க வூட்டுக்காரரும் இத்த தாங்கா சொல்லிகினு கீறாரு, எங்களுது பித்தள தாயத்து, அது ஒர்க் ஆவுமா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. சஞ்சனாவும் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

தாயத்தைக் கட்டியவள் நான். ருத்ரனுக்குத் தொப்புள்கொடி விழுந்த அன்றைக்கு அதை மஞ்சளில் தடவி நிழலில் காயவைத்து, தட்டாரிடம் கொடுத்து வெள்ளியில் அடைத்து வாங்கினேன். நம் வழக்கம் அது, கண்ணு படாமல் இருக்கக் கட்டுவது. மருந்தென்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாருக்கும் சொல்லவில்லை. டாக்டரம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். "இது காஞ்ச தோலுங்க. இதுல உயிரோட ஒண்ணும் இல்ல. குருத்தணு இருக்கிறது கொடிக்குள்ள ஓடுற ரத்தத்துல. குழந்தை பிறந்து கொடிய வெட்டின உடனே, நஞ்சுக்கொடிப் பக்கம் மிச்சம் இருக்கிற ரத்தத்த பையில பிடிச்சு, ஆவி பறக்கிற குளிர்ல உறைய வைக்கணும். அப்பதான் அது வருஷக்கணக்கா உயிரோட இருக்கும்." ருத்ரன் பிறந்த அன்றைக்கு அந்த ரத்தத்தை யாரும் பிடிக்கவில்லை, நஞ்சோடு வாளியில் போனது. அப்போது நமக்குத் தெரியவும் தெரியாது. நீ அதற்கும் விடவில்லை. "அப்ப பொண்ணோட கொடிய அன்னிக்கே சேத்து வச்சிருந்தா?" என்றாய். அவள் ரத்தத்தில் இருக்கிற அதே குறை அவள் கொடியிலும் இருக்கும், அவளுடையதை அவளுக்கே ஏற்றினால் அதே நோய்தான் திரும்ப வரும் என்றார் டாக்டரம்மா.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பெண்ணின் கொடியைப் பற்றிப் பேச உனக்கு எப்படி வாய் வந்தது? சஞ்சனாவுக்கும் தாயத்துச் செய்யலாம் என்று நான் கொடியைக் காயவைத்திருந்தேன். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா வெள்ளி, அடுத்தது பாத்துக்கலாம்" என்று நீதான் சொன்னாய். அது எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் நம்பிக்கைப்படியே தாயத்துதான் மருந்து என்றால், அந்த மருந்தையும் நீ அவளுக்கு வைத்திருக்கவில்லை. கண்ணு படக் கூடாது என்று ஒன்றுக்குக் கட்டவிட்டாய், இன்னொன்றுக்கு யார் கண் பட்டாலும் பரவாயில்லை என்று விட்டாய். இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தால் கோயில் எதிரே நீ சொன்னது எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

நீ கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார், நீ காதில் வாங்காததால் இங்கே எழுதுகிறேன். எலும்பைத் தொடாமல் கையில் ரத்தம் எடுக்கிற மாதிரி எடுக்க முடியாதா என்றாய். முடியும். சில நாள் ஊசி போட்டால் மஜ்ஜையில் இருக்கிற குருத்தணுக்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும், மிஷின் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம், பெரியவர்கள் பலர் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அதில் சண்டைக்கார அணுக்களும் நிறையச் சேர்ந்து வரும், வந்த வீட்டையே, இவள் உடம்பையே, அடிக்கும், அதனால் இந்த நோய்க்குச் சின்னப் பிள்ளைகளிடம் மஜ்ஜையாக எடுப்பதுதான் நல்லது என்றார். லேப்பில் செய்ய முடியாதா என்றாய். கருவாகி நாலைந்து நாளே ஆன உருண்டையிலிருந்து எடுக்கிற அணு என்னவாக வேண்டுமானாலும் வளருமாம். தோலிலிருந்து எடுத்த அணுவையே பின்னோக்கித் திருப்பி அப்படி இளசாக்குகிறார்களாம். கேட்க அதிசயமாக இருந்தது. ஆனால் அதிலிருந்து இவளுக்கு ஏற்றுகிற மாதிரி ரத்தக் குருத்து செய்து கொடுக்கிற நிலை இன்னும் வரவில்லை என்றார். இவள் ஈரலில் இரும்பு இன்னும் ஏறி முற்றவில்லை, இப்போது செய்வது நல்லது, தள்ளத் தள்ள ஆபத்து கூடும். இதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது. இந்த நேரத்தில்தான் நீ வெளியே டீ குடிக்கப் போனாய்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆபத்து உன் மகனுக்கு இல்லை என்று சொல்லவில்லை, சின்ன ஆபத்து என்றார்கள். பெரிய ஆபத்து உன் மகளுக்குத்தான். அவள் பழைய மஜ்ஜையை முழுசாக அழிக்கக் கடுமையான மருந்து கொடுப்பார்கள். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும். ஒரு மாதமோ அதற்கு மேலோ தனி அறையில் அடைத்து வைப்பார்கள், தேவி மட்டும் கூட இருக்கலாம், ஒரு சின்னக் காய்ச்சல்கூட உயிரைக் கொண்டுபோகலாம். பிடிக்காமலும் போகலாம். இதையெல்லாம் அந்த அம்மா எங்கள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுத்தான் தேவி கையெழுத்துப் போட்டாள். உயிருக்கு ஆபத்து சஞ்சனாவுக்கு, நீ ருத்ரனுக்காக அழுகிறாய்.

அவனுக்கு என்ன செய்யப் போகிறார்கள்? மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் பின்பக்கமாக ஊசி விட்டு எடுப்பார்கள். கண் விழித்த பிறகு இரண்டு மூன்று நாள், எங்கேயாவது விழுந்து அடிபட்ட மாதிரி வலிக்கும். எடுத்தது சில வாரத்தில் தானாக ஊறிவிடும். நீ தெருவில் என்ன சொன்னாய்? கால் போய்விடும், கடல் வேலைக்கு ஆகமாட்டான், பின்னால் பிள்ளை பிறக்காது. முதுகுத்தண்டுப் பக்கமே ஊசி போகாது என்று உன்னிடம் படம் போட்டுக் காட்டினார்கள். கடல் வேலைக்கு ஆகமாட்டான் என்று நீ சொன்னதுதான் எனக்குச் சிரிப்பு. கடலை விட்டு ஓடி கிரேனில் ஏறியவன் நீ. எண்ணூர் ஆற்றில் சுடுதண்ணீரும் சாம்பலும் எண்ணெயும் கலந்து மீன் செத்து ஒதுங்கிய வருஷம், "இந்தக் கலீஜ் தண்ணியில எவன் எறங்குவான்" என்று வலையை என் காலடியில் போட்டுவிட்டுப் போனவன். அன்றைக்கு நான் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு உனக்குக் கடலும் குலமும் ஒரே நாளில் ஞாபகம் வந்துவிட்டது.

இவ்வளவு எழுதிய பிறகு, குரூப்பில் யாருக்கும் தெரியாத ஒன்றை எழுதப் போகிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன் அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கு உள்ளே போனபோது உனக்கு இப்போது ருத்ரனுக்கு இருக்கிற வயதைவிடக் கொஞ்சம் கூட. தள்ளுவண்டியில் படுத்தபடி உன் கன்னத்தைக் கிள்ளி, "வந்து பரோட்டா துன்லாம் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனார். மயக்கத்திலிருந்து எழவே இல்லை. இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தது, அவர் யாரிடமும் சொல்லவில்லை, யார் மேலும் தப்பில்லை. நீ அந்தக் கதவுக்கு வெளியே சாயங்காலம் வரைக்கும் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாய். டாக்டரம்மா போன மாதம் 'மயக்கம் கொடுப்போம்' என்ற சொல்லைச் சொன்னபோதுதான் நீ ருத்ரனை இழுத்து மடியில் வைத்தாய். எனக்கு அப்போதே தெரியும். கால் போய்விடும் என்பதும் பிள்ளை பிறக்காது என்பதும் நீ அப்புறம் சேர்த்துக்கொண்டவை. உனக்கு இருப்பது பயம்.

பயத்துக்கு நான் எதிரி இல்லை. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு உன் அப்பாவின் கட்டுமரம் திரும்பாத நாட்களை நான் கடந்திருக்கிறேன், எனக்குப் பயம் தெரியும். ஆனால் நீ உன் பயத்தைப் பயம் என்று சொல்லவில்லை. ஆம்பளை என்பதால் சொல்ல வெட்கம். அதற்குக் குலம் என்று பேர் வைத்தாய், பெண் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்று பேர் வைத்தாய். உன் வெட்கத்தை மறைக்க ஒன்பது வயதுப் பெண்ணை ஊர் முன்னால் விலை குறைத்துப் பேசினாய். "எனக்குப் பயமா கீதும்மா" என்று ஒரு வார்த்தை என் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருந்தால் நான் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன். நீ அதைச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இப்படி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ருத்ரனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பெண் பேசினாள். சின்னப் பிள்ளையானாலும் அவனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லி, அவனுக்குச் சம்மதமா என்று கேட்பது அங்கே முறை. பொம்மை ஒன்றின் இடுப்பில் ஊசி குத்திக் காட்டினாள். அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நா குட்தா அக்கா ஆம்பளையா ஆயிடுமா?" என்று கேட்டான். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்கா அக்காவாகத்தான் இருப்பாள், ஆனால் அவள் உடம்பில் ஓடுகிற ரத்தம் மட்டும் உன்னுடையதாகிவிடும், சோதித்துப் பார்த்தால் தம்பி ரத்தம் என்றுதான் காட்டும் என்றாள். அவனுக்கு அது ரொம்பப் பெருமை. வீட்டுக்கு வந்ததிலிருந்து சஞ்சனாவை மிரட்டிக்கொண்டிருக்கிறான். "என் ரத்தம் ஓடப்போவுது, ஒயுங்கா ரிமோட்ட குடு." அவளும் விடுவாளா? "டேய், எனக்கு மட்டும் உன் புத்தி வந்துச்சி, திருப்பிக் குட்த்துருவேன்."

நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே உன்னை நினைத்தேன். குலம் குலம் என்றாயே, இனி உன் மகனின் ரத்தம்தான் உன் மகள் உடம்பில் ஓடப்போகிறது, அப்போதாவது அவள் உன் வீட்டுப் பிள்ளையா என்று கேட்டு உன்னை மடக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு அது வேண்டாம் என்று விட்டேன். அப்படிக் கேட்டால் நானும் உன் கணக்கிலேயே பேசுகிறேன் என்று ஆகிவிடும். தம்பி ரத்தம் வந்த பிறகு அவள் உன் பிள்ளை ஆக வேண்டியதில்லை. யார் யாரோ தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தில் மூன்று வாரம் மூன்று வாரமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே, இப்படியே, இந்தக் குறையோடேயே அவள் உன் பிள்ளை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோகிறோம். தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ருத்ரனிடம் எடுப்பார்கள். தேவி போட்டுவிட்டாள். நீ வராவிட்டால் இவளுக்குக் கொடுத்த இடம் வேறு பிள்ளைக்குப் போகும், அது நியாயம்தான், அங்கே வரிசையில் எத்தனையோ பேர். அடுத்து எப்போது கூப்பிடுவார்கள், அதற்குள் ஈரல் என்ன ஆகும், யாருக்கும் தெரியாது. நீ வர வேண்டும். வந்து மயக்க மருந்து டாக்டரிடம் உட்கார். அப்பா கதையைச் சொல். ருத்ரன் நெஞ்சைச் சோதித்தீர்களா, என்ன கொடுப்பீர்கள், எப்போது எழுவான் என்று கேள். பத்துத் தடவை கேள். பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல், அவர் சிரிக்க மாட்டார். பிறகு கையெழுத்துப் போடு. என்னிடம் பேச வேண்டாம். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் என்னிடம் கேட்காதே, எனக்கு அது தேவையில்லை, கேட்க வேண்டியவளுக்கு வயது ஒன்பது. எல்லாம் முடிந்த பிறகு நீ என் வீட்டுப் படி ஏறலாமா என்பதை நான் அப்புறம் யோசிக்கிறேன். இப்போதைக்கு ஏறாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதாமல் முடிக்க முடியாது. அந்த ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் வீட்டிலிருந்து ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாமாம். யாரோடு போகிறாய் என்று ருத்ரனைக் கேட்டோம். தேவியோடு போக மாட்டானாம். ஆயா கூட வேண்டாமாம், ஆயா மேல் மீன் வாடை. "நைனா தூக்கினு போனாதான் போவேன்" என்கிறான், நீதான் வேண்டுமாம், வேறு பேச்சே இல்லை. சஞ்சனா தைரியமாக இருக்கிறாள், தேவி இருக்கிறாள், நான் இருக்கிறேன், டாக்டரம்மா இருக்கிறார். அந்தக் கதவு வரைக்கும் அவனைத் தூக்கிப் போக மட்டும் எங்களில் யாராலும் முடியாது. வந்து தூக்கு.

உன்னைப் பெற்றவள்